தூணன், இதழ் 1356

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பார்வையாளர் நேரம் முடிவதற்குள் ‘தூணன்’ வார இதழின் ஆயிரத்து முந்நூற்று ஐம்பத்தாறாவது புத்தகம் என் கைக்கு வந்தாக வேண்டும். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு எனக்குத் தலைக்குள் அறுவை சிகிச்சை. புத்தகம் கடையில் கிடைப்பது அதே புதன்கிழமை காலை பத்து மணிக்கு. நடுவில் இருக்கிற இரண்டு மணி நேரத்தை யாராவது எனக்காக நகர்த்த வேண்டும். டாக்டர் நகர்த்தினாலும் சரி, கடைக்காரர் நகர்த்தினாலும் சரி, எனக்கு ஆட்சேபணை இல்லை.

இதை நான் சொன்னபோது என் தங்கை சிரிக்கவில்லை. இருபத்தாறு வருஷமாக என் புத்தகப் பைத்தியத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவள் அவள். அன்றைக்கும் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

அவள் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. என் மூளைக்கு அடியில், இரண்டு கண்ணின் நரம்புகளும் ஒன்றை ஒன்று கடக்கிற இடத்தில், கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. அதை எடுத்துவிட்டால் போன பார்வை திரும்பி வரலாம். எடுக்கும்போது இருக்கிற பார்வையும் போகலாம். டாக்டர் இரண்டையும் ஒரே குரலில், பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். போவதானால் போகட்டும் என்று சொல்கிற பெருந்தன்மை எனக்குக் கிடையாது. ஆனால் அப்படிப் போய்விட்டால், தூணன் எழுந்தானா இல்லையா என்பதை அதற்கு முன்னால் என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

தூணனை உங்களுக்குத் தெரியாமல் இருந்தால் அது உங்கள் தப்பு. ஆனாலும் சொல்கிறேன். அவனுக்குப் பறக்கத் தெரியாது. கண்ணிலிருந்து நெருப்பு வராது. ஓடச் சொன்னால் மூச்சு வாங்கும். விழுகிற எதையும் தாங்குவான், அவ்வளவுதான் அவன் சக்தி. பாலம், கூரை, தண்ணீர்த் தொட்டி, எது சரிந்தாலும் அடியில் போய் நின்று தோள் கொடுப்பான். தாங்கிக்கொண்டிருக்கும்போது ஓர் அடி நகர முடியாது, மூக்கு அரித்தால் சொறிய முடியாது. இந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு இருபத்தாறு வருஷம் வாராவாரம் கதை சொல்ல முடியுமா என்று கேட்பவர்கள், வாராவாரம் புதன்கிழமை பத்து மணிக்குக் கடை வாசலில் வந்து நின்று பார்க்க வேண்டும்.

இப்போது நடப்பது ஆறு பாகக் கதை. சுரங்க ரயில் பாதையின் மேற்கூரை சரிகிறது, உள்ளே இருநூற்று நாற்பது பேர். ஐந்து வாரமாக அவன் தாங்கிக்கொண்டிருக்கிறான். ஐந்தாம் பாகத்தின் கடைசிப் படத்தில் அவனுடைய வலது முழங்கால் தரையைத் தொட்டது. அதற்கு முந்தைய ஆயிரத்து முந்நூற்று ஐம்பத்து நான்கு இதழ்களில் ஒரு தடவைகூட அவன் முழங்கால் தரையைத் தொட்டதில்லை. நான் சரிபார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எல்லா இதழும் வீட்டில் என் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிகளில் இருக்கின்றன.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அடித்த பெரிய கூத்து அதிலிருந்துதான் ஆரம்பம். ஊசிமருந்து தயாரிக்கிற தொழிற்சாலையில் பாட்டில் பார்ப்பது என் வேலை. இருட்டான ஒரு சின்னக் கூண்டு, தலைக்கு மேல் ஒரு விளக்கு, எதிரே பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாக ஒரு பலகை. பாட்டிலைக் கழுத்தில் பிடித்து ஒரு சுழற்று சுழற்றி, வெள்ளைக்கு எதிரே ஐந்து விநாடி, கறுப்புக்கு எதிரே ஐந்து விநாடி. வெள்ளையில் நூல், தூசு தெரியும். கறுப்பில் கண்ணாடிச் சில்லு தெரியும். இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள் நான். புத்தகக் கடையில் என் பெயர் ‘பாட்டில் அக்கா’. புதிதாக வருகிற வாடிக்கையாளர்கள் அதைக் கேட்டு ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். மருந்து பாட்டில்தான், வேறு எதுவும் இல்லை என்று நானே விளக்கம் சொல்லி அலுத்துப்போயிற்று.

ஆறு மாதத்துக்கு முன்னால், தட்டில் ஓரத்து வரிசையை நான் பார்க்காமலே விட்டுவிடுகிறேன் என்று மேற்பார்வையாளர் சொன்னார். அவருக்கு என்மேல் பொறாமை என்று நினைத்தேன். அதே சமயத்தில்தான் தூணனை வரைகிறவருக்கும் சோம்பல் வந்துவிட்டது. இரண்டு பக்கம் விரித்து வரைகிற பெரிய படங்களில் நடுவில் மட்டும் ஆட்கள் இருந்தார்கள், இரண்டு ஓரமும் காலி. ஒரு வாரம் பார்த்தேன், இரண்டு வாரம் பார்த்தேன். எட்டாவது வாரம் பொறுமை போய் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ‘ஓரத்தில் ஆள் போடக் கூடவா உங்கள் ஓவியருக்கு மை இல்லை? வாசகர்களை முட்டாள் என்று நினைத்தீர்களா?’ என்று நாலு பக்கம் வைது தீர்த்தேன்.

கடிதத்தை அவர்கள் பிரசுரித்தார்கள். கீழே ஆசிரியரின் பதில் ஒரே வரி. ‘வாசகி உடனடியாகக் கண் மருத்துவரைப் பார்க்கவும்.’

அந்தப் புதன்கிழமை கடையில் சிரிப்பு ஓயவே இல்லை. பன்னிரண்டு பேர் நாங்கள், நிரந்தர வாடிக்கையாளர்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் பல் டாக்டர். எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. புத்தகத்தை விரித்துக் கடைக்காரர் மேஜையில் போட்டு, “நீங்களே பாருங்கண்ணே, இந்த ஓரத்துல யாராவது இருக்காங்களா?” என்றேன்.

கடைக்காரர் குனிந்து பார்த்தார். “இருக்காங்களேம்மா. பதினாறு பேரு நிக்கிறாங்க. ஒருத்தர் குடைகூட வெச்சிருக்கார்.”

நான் தலையைத் திருப்பினேன். படத்தின் ஓரத்தில் குடையோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

பல் டாக்டரின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. என் எதிரே வந்து, “என் மூக்கையே பாருங்க, வேற எங்கயும் பாக்காதீங்க” என்று சொல்லி இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினார். “விரல் அசைக்கிறேன், தெரியுதா?”

“எந்த விரலு?” என்றேன்.

கட்டி அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஆசிரியரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் கிண்டலாகச் சொன்னது சரியாகப் போய்விட்டது என்பதற்காகக் கூடுதலாகவே மன்னிக்கவில்லை.

முதலில் டாக்டரிடம் கேட்டுப் பார்த்தேன். திங்கட்கிழமை என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்ததுமே கேட்டேன். “எட்டு மணிக்குப் பதிலா பத்தரைக்கு வெச்சுக்கலாமா டாக்டர்? பத்து மணிக்கு எனக்கு ஒரு புத்தகம் வருது. அரை மணி நேரம் போதும்.”

“முக்கியமான புத்தகமா?” என்று கேட்டார். கையெழுத்துப் போட வேண்டிய பத்திரம் ஏதோ என்று நினைத்திருப்பார்.

“தூணன்” என்றேன்.

அவர் என் தங்கையைப் பார்த்தார். தங்கை சுவரைப் பார்த்தாள். டாக்டர் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்கு எடுத்துச் சொன்னார். நீண்ட நேரம் பிடிக்கிற சிகிச்சையைக் காலையில் முதலில் செய்வதுதான் முறை. ஒரு வாரம் தள்ளிப்போட்டால் அந்த ஒரு வாரத்தில் இன்னும் கொஞ்சம் பார்வை போகும். கட்டியை எடுப்பது மண்டையைத் திறந்து அல்ல, மூக்கு வழியாக.

“பாத்துப் போங்க டாக்டர்” என்றாள் என் தங்கை. “இவளுக்குக் கோபமெல்லாம் மூக்கு நுனியிலதான் இருக்கு.”

டாக்டர் சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன். ஆனால் நேரம் நகரவில்லை. மிச்சம் இருந்தது கடைக்காரர்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘பத்து மணி’. புத்தகக் கட்டு செவ்வாய்க்கிழமை காலையிலேயே வேனில் வந்து இறங்கிவிடும். கயிறு போட்டுக் கட்டியபடி மேஜைமேல் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி வைத்திருப்பார். புதன்கிழமை பத்து அடித்ததும் கத்திரிக்கோலை எடுத்து எங்கள் முன்னால் கயிறை வெட்டுவார். அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் யார் தலையால் தண்ணீர் குடித்தாலும் நடக்காது. ஒரு காலத்தில் யாருக்கோ இரக்கப்பட்டு முன்கூட்டியே கொடுத்தாராம். அந்தப் புண்ணியவான் வரிசையில் நின்றவர்களிடம் முடிவைச் சொல்லிவிட, கடை வாசலில் அடிதடியாகிவிட்டது. அன்றிலிருந்து இந்தச் சட்டம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பல் டாக்டர், வெளியூருக்கு விமானம் ஏற வேண்டும், ஒரு மணி நேரம் முன்னால் கொடுங்கள் என்று கெஞ்சினார். கூடாது என்று எல்லோரையும்விட உரக்கக் கத்தியவள் நான்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் தங்கையைக் கடைக்கு அனுப்பினேன். அவள் துணிக்கடைகளுக்குப் பக்கத்தில் ஜிப் மாற்றுவது, பேண்ட் நீளம் குறைப்பது என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறாள். அதைப் பூட்டிவிட்டுப் போனாள். மத்தியானம் வெயிலில் வாடிப்போய் வந்து சேர்ந்தாள்.

“என்ன சொன்னார்?”

“முடியாதாம்.”

“கண்ணு விஷயம்னு சொன்னியா?”

“எல்லாம் சொன்னேன். கல்லுளிமங்கன் மாதிரி உக்காந்திருக்கார் அந்த மனுஷன். கட்டு எதிர்லயே இருக்கு, கத்திரிக்கோலும் இருக்கு. ‘எனக்கும் மனசு கேக்கலம்மா, ஆனா சட்டம் சட்டம்தான்’ங்கிறார். படம் போட்ட புத்தகம் விக்கிறவருக்கு என்ன சட்டம்னு கேக்கணும் போல இருந்துச்சு. கேட்டுப்புட்டேன்.”

“கேட்டியா? என்ன சொன்னார்?”

“‘இந்தச் சட்டத்தை உங்க அக்காதான் ரொம்பக் கெட்டியாப் பிடிச்சிருக்காங்க’ன்னார்.”

அது உண்மைதான். ஆனால் விடுகிற ஆள் நான் இல்லை. “மறுபடி போ” என்றேன். “கெஞ்சு. அழு. கடை வாசல்ல உக்காந்துக்கோ. ஆறு மணிக்குள்ள வரணும்.”

“அக்கா, நான் சாப்பிடக்கூட இல்லை.”

“வந்து சாப்பிடு.”

அவள் போனாள். வேறு யாராக இருந்தாலும் தலையணையை என் முகத்தில் விட்டெறிந்திருப்பார்கள். அவள் வாயைத் திறக்காமல் போனது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் போகட்டும் என்றுதான் இருந்தது. அன்றைக்கு என் மனசில் வேறு எதற்கும் இடம் இல்லை. ஜன்னலுக்கு நேராகப் படுத்துக்கொண்டு, தெரிகிற நடுப்பகுதியை மட்டும் பார்த்தபடி, முழங்காலை ஊன்றிய ஒருவன் தோளில் கூரையோடு எப்படி எழுந்திருப்பான் என்று யோசித்தேன். முதலில் இடது காலை முன்னால் வைக்க வேண்டும். முதுகை வளைக்கக் கூடாது. கட்டிலில் படுத்த வாக்கில் நானே செய்து பார்த்தேன். நர்ஸ் வந்து, காலில் ஏதாவது வலியா என்று கேட்டாள்.

ஐந்தே முக்காலுக்குத் தங்கை வந்தாள். பின்னாலேயே கடைக்காரரும் வந்தார். கையில் பழுப்பு நிறக் கோப்பு. கடையில் எங்கள் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒன்று உண்டு, அந்த வாரப் புத்தகத்தை அதில் போட்டு வைப்பார். மேலே ‘பாட்டில் அக்கா’ என்று அவர் கையெழுத்து. தங்கையின் முகத்தில் வெற்றி.

“கயிறை வெட்டலம்மா” என்றார் கடைக்காரர், நான் கேட்காமலே. “முடிச்சை அவிழ்த்தேன். ஒரு புத்தகத்தை மட்டும் உருவிட்டு மறுபடி கட்டிட்டேன். நாளைக்கு எல்லார் முன்னாடியும்தான் வெட்டுவேன்.”

“உங்களுக்கு எப்படிண்ணே மனசு வந்துச்சு?”

“நான் தனியா முடிவு பண்ண முடியாதில்ல. மத்த பதினோரு பேரையும் கடைக்கு வரச்சொன்னேன். உங்க தங்கச்சி பேசினாங்க. எல்லாரும் சம்மதம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாங்க.” கோப்புக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். “ஒருத்தர்கூட மறுக்கல.”

தாளைக் கையில் வாங்கி, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் படித்தேன். பதினோரு கையெழுத்து. “பல் டாக்டருமா?”

“அவர்தான் முதல் ஆளா போட்டார்.”

அங்கேதான் எனக்கு உறைத்தது. விமானத்தைக் காட்டிக் கெஞ்சியபோது நான் கத்தி விரட்டிய மனுஷர் அவர். வரிசையில் ஓர் இடம் முன்னால் போனால்கூட முதுகில் தட்டிப் பின்னால் அனுப்புகிறவர். நேற்று வரைக்கும் எனக்கு எதையும் விட்டுக்கொடுக்காத பதினோரு பேர், இன்றைக்கு ஒரே மனசாக விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரர் அவருடைய சட்டத்தையே விட்டுக்கொடுத்திருக்கிறார். தங்கை சிரிப்பதையே விட்டுவிட்டாள். இத்தனை பேரும் சேர்ந்து என்ன தீர்மானம் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

“எனக்குக் கண்ணு போயிடும்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டீங்க, அப்படித்தானே?” என்றேன்.

“ஐயோ, அப்படி இல்லம்மா...”

“அப்படித்தான். நாளை மறுநாள் நான் படிப்பேன்னு ஒருத்தராவது நம்பியிருந்தா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாங்க. ‘வரிசையில வரச் சொல்லு’ன்னு சொல்லியிருப்பாங்க.”

சத்தம் கேட்டு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கையிலிருந்த தாளைக் கசக்கப் போனேன். கசக்கும்போதே இன்னொன்றும் புரிந்தது. இந்தத் தாளில் இல்லாத ஒரு கையெழுத்து உண்டு, அது என்னுடையது. அவர்கள் எல்லோருக்கும் முன்னால் அந்தத் தீர்மானத்தைப் போட்டவள் நான். திங்கட்கிழமையிலிருந்து ஊரையே அலைக்கழித்துக் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். கூரை இன்னும் சரியக்கூட இல்லை, நான் முழங்காலை ஊன்றிவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அவ்வளவு பயத்தை நான் ஒரு புத்தகத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்திருக்கிறேன்.

கடைக்காரர் தயங்கித் தயங்கிக் கோப்பைத் திறந்தார். அட்டைப்படத்தின் மஞ்சள் நிறம் ஒரு கீற்றுத் தெரிந்தது. உடனே கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள், பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடியது அதுதான் முதல் தடவை.

“மூடுங்கண்ணே” என்றேன். “எடுத்துட்டுப் போங்க. நாளைக்குப் பத்து மணிக்கு எல்லாரோடயும் சேத்து என்னுதையும் வெளிய எடுங்க. கோப்புல போட்டு வைங்க. எனக்கு எப்ப முடியுதோ அப்பப் படிச்சுக்கிறேன்.”

தங்கைக்குப் பொறுமை போய்விட்டது. “ஏய்! காலையில இருந்து தெருத்தெருவா அலைஞ்சிருக்கேன். பதினோரு பேர் முன்னாடி நின்னு அழுதிருக்கேன். இப்ப வேணாம்ங்கிறே? உனக்குக் கட்டி மூளைக்கு அடியில இல்லடி, மூளையிலயேதான்!”

கண்ணை மூடியபடியே எனக்குச் சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அவள் என்னை முதல் தடவையாகத் திட்டுகிறாள். “இதையேதான்டி ரெண்டு நாளா எதிர்பார்த்தேன்” என்றேன்.

“பேசாதே. உன்கிட்ட நான் பேசறதா இல்லை.”

“நாளைக்குப் பத்து மணிக்கு அப்புறம் வாங்கி வை. அதுக்கு முன்னாடி வேணாம்.”

கடைக்காரர் போகும்போது வாசலில் நின்று, “சரிம்மா, பத்து மணிக்கு” என்று மட்டும் சொன்னார். கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தேன்.

புதன்கிழமை பத்து மணிக்கு நான் மயக்கத்தில் இருந்தேன். மத்தியானம் விழித்தபோது மூக்கு முழுக்கப் பஞ்சு அடைத்திருந்தது, தொண்டை காய்ந்து கிடந்தது. டாக்டர் குனிந்து, எத்தனை விரல் என்று கேட்டார். வெளிச்சம் தெரிந்தது, அதில் ஏதோ ஒன்று அசைவது தெரிந்தது. விரலா, கையா, ஆளா என்று பிரிக்க முடியவில்லை. நடுவில் இருந்த பார்வையும் போய்விட்டதோ என்று கண்ணை மூடி மூடித் திறந்து பார்த்தேன். வீக்கம் வடிய வேண்டும், பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை.

புத்தகம் வந்துவிட்டது. தலையணைக்குப் பக்கத்தில் அலமாரிமேல் வைத்திருப்பதாகத் தங்கை சொன்னாள். கையை நீட்டித் தொட்டுப் பார்த்தேன். புது மை வாசனையை முகரலாம் என்றால் மூக்கில் பஞ்சு.

வியாழக்கிழமை முழுவதும் பனிமூட்டம். வெள்ளிக்கிழமை நர்ஸின் உருவம் தெரிந்தது, முகம் தெரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் தங்கை கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“அக்கா, நான் படிச்சுட்டேன்.”

“நீயா?”

“நேத்து நீ தூங்கும்போது. சும்மா உக்காந்திருக்கப் பிடிக்கல. ஒண்ணும் புரியலைன்னு முன்னாடி அஞ்சு பாகத்தையும் வீட்டுல இருந்து எடுத்துட்டு வந்து படிச்சேன். நான் சொல்லட்டுமா? படம் படமாச் சொல்றேன்.”

“சொல்லாதே” என்றேன். பஞ்சடைத்த மூக்கோடு கத்த முடியவில்லை, இல்லாவிட்டால் கத்தியிருப்பேன். “ஒரு வார்த்தை சொன்னா தலையணையால அடிப்பேன்.”

“ஒரு வாரம் ஆனா?”

“ஆகட்டும்.”

“ஒரு மாசம் ஆனா?”

“ஆகட்டுமே.”

அவள் புத்தகத்தை மூடினாள். பிறகு மெதுவாக, “தெரியவே இல்லைன்னா?” என்று கேட்டாள். வீட்டில், ஆஸ்பத்திரியில், யாரும் அதுவரைக்கும் வாய் விட்டுக் கேட்காத கேள்வி. அவள் கேட்டது நல்லதாகப் போயிற்று. கேட்ட பிறகு அது அவ்வளவு பெரிதாக இல்லை.

“அப்பவும் நீ படிச்சுக் காட்டாதே. வேற யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிறேன். நீ சொன்னா தூணன் கூரையைத் தாங்கற மாதிரி இருக்காது, பேண்டுக்கு ஓரம் அடிக்கிற மாதிரி இருக்கும்.”

அவள் என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். இரண்டு பேரும் சிரித்தோம். அவள் போன பிறகு தனியாகக் கொஞ்ச நேரம் அழுதேன். அழுது முடித்து, டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்தேன். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருப்பதாகச் சொன்னார்கள். அது இருக்கிற இடத்தை முறைத்துக்கொண்டே இருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் வட்டம் தெரிந்தது. சாயங்காலம் முட்கள் தெரிந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாத்திரை அட்டையின் பின்னால் இருந்த எழுத்தைக் கூட்டிப் படித்தேன். தங்கையைக் கூப்பிட்டு, “அதை எடு” என்றேன்.

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, மடியில் தலையணை போட்டு, அதன்மேல் புத்தகத்தை வைத்தாள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். புத்தகத்தைப் பார்க்கவில்லை, கண்கொத்திப் பாம்பாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவு தெரியும்போது என் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கத் துடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவளை மறந்துவிட்டேன்.

தூணன் முழங்காலிலேயே இருந்தான். பதினேழு பக்கம் அவன் எழுந்திருக்கவே இல்லை. முழங்காலில் இருந்தபடியே தாங்கினான், அவனுக்கு அடியில் இருந்து இருநூற்று நாற்பது பேரும் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். பதினெட்டாம் பக்கத்தில் அவன் இடது காலை முன்னால் வைத்தான். நான் படுக்கையில் செய்து பார்த்த அதே மாதிரி. “பாத்தியா!” என்று கத்தினேன். கடைசி ஆள் போன பிறகு அவன் மட்டும் உள்ளே இருந்தான், கூரையை விட்டால் அவன்மேலேயே விழும். கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். படித்தேன். எனக்கு ரத்தம் கொதித்தது.

“ஏமாத்திட்டான்டி! ஆறு பாகம்னுதானே சொன்னான்? இங்க என்ன எழுதியிருக்கான் பாரு, ஏழாம் பாகத்துலதான் அவன் வெளிய வரானா இல்லையான்னு தெரியுமாம்! இதைப் படிக்கவா நான் ஊரைக் கூட்டினேன்? செவ்வாய்க்கிழமையே படிச்சிருந்தா இந்தக் கண்றாவியைப் பாத்துட்டுத்தான் ஆபரேஷனுக்குப் போயிருப்பேன்!”

தங்கை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “மூணு நாளா வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். வயிறு வெடிச்சிருக்கும் எனக்கு.” சிரித்துக்கொண்டே எழுந்து நின்றாள். “எங்க எழுதியிருக்கான் அதை?”

“இதோ, மூலையில. கடுகு மாதிரி எழுத்துல, யாரும் பாக்கக் கூடாதுன்னே ஓரத்துல கொண்டுபோய்...”

பாதியில் நிறுத்தினேன். அவள் சிரிப்பும் நின்றிருந்தது.

“தலையைத் திருப்பாமத்தான் படிச்சே” என்றாள். “முதல் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஒரு தடவைகூடத் திருப்பல.”

மறுபடி அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். தூணனின் முகத்தை மட்டும் நேராகப் பார்த்தேன். இடது பக்கம் மேலே கொஞ்சம் புகை படிந்த மாதிரி இன்னும் இருந்தது. மற்றபடி இரண்டு ஓரமும், வலது மூலையில் அந்தப் பாவி எழுதின எழுத்தும், பக்கத்தின் வெள்ளை விளிம்பும், அதற்கு அப்பால் என் இரண்டு கையும் தெரிந்தன. தாளில் ஒரு சொட்டு விழுந்து மஞ்சள் நிறம் ஊற ஆரம்பித்தது. இருபத்தாறு வருஷத்தில் என் புத்தகம் ஒன்றில்கூட ஒரு கறை கிடையாது.

“அழறதா இருந்தா தள்ளி நின்னு அழுடி” என்று அதட்டினேன். “புத்தகம் நனையுது.”

அவள் எப்போதோ எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள்.